சாவுக்கோடு

நெடும்பனியில் குழந்தை பிறந்த ஏழாம் நாள் பெயர் வைப்பார்கள். அன்றைக்கே பணி ஆணையும் வந்துவிடும். உள்ளங்கை அகலத் தகடு. குழந்தையின் பெயர், பிறந்த வளையம், இருபத்திரண்டு வயதில் சேர வேண்டிய வேலை, ஓய்வு பெறும் நாள் எல்லாம் அதில் பொறித்திருக்கும். தொட்டிலுக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். தகடு மினுங்குவதால் பெரும்பாலான பிள்ளைகள் முதன்முதலில் சிரிப்பது அதைப் பார்த்துத்தான். பார்க்க வந்தவர்கள் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுத் தகட்டைத் திருப்பிப் படிப்பார்கள். நல்ல வேலை என்றால் சத்தமாகப் படிப்பார்கள். இல்லாவிட்டால், பிள்ளை அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்று பேச்சை மாற்றுவார்கள்.

மாரிக்கனியின் தகட்டை யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. 'காற்றுக்குழாய் வழிப்பவர், நான்காம் நிலை' என்று இருந்தது.

நெடும்பனி பூமியில் இல்லை. வியாழனைச் சுற்றும் யூரோப்பா என்ற நிலவில், பன்னிரண்டு கிலோமீட்டர் பனிக்கு அடியில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஐந்து வளையங்கள் குடைந்து கட்டிய ஊர். ஒன்பதாயிரம் பேர் விடும் மூச்சு குழாய்களில் ஓடிச் சுத்தமாகித் திரும்பி வருகிறது. மூச்சின் ஈரத்தில் குழாய்ச் சுவரில் வழும்பு படியும். யாராவது உள்ளே ஊர்ந்து போய் அதை வழித்தெடுக்க வேண்டும். அந்த யாராவது, மாரிக்கனியின் அம்மா பேச்சியம்மாளும் அப்பாவும், அவர்களைப் பெற்றவர்களும்தான். நெடும்பனியில் மேல் கீழ் கிடையாது, எல்லாரும் ஒரே பனிக்கு அடியில்தான் என்று பள்ளிப் பாடத்தில் போட்டிருக்கிறது. பாடத்தை எழுதியவர்கள் முதல் வளையத்தில் இருந்தார்கள். வழிப்பவர்கள் ஐந்தாவதில் இருந்தார்கள்.

யாருக்கு எந்த வேலை என்று எழுதுவது பகிர்வி என்ற இயந்திரம். அது குழந்தையைப் பார்ப்பதில்லை. பெற்றவர்கள் என்ன செய்தார்கள், அவர்களைப் பெற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்து, 'முன்னோர் அனுபவம்' என்று மதிப்பெண் போடும். தன் கணிப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு சரி என்று ஆண்டுதோறும் அறிக்கை வேறு விடும். கணித்தபடியே ஆளைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, கணிப்பு பலித்தது என்று சொல்லிக்கொள்ள இயந்திரம் எதற்கு என்று மாரிக்கனி பன்னிரண்டு வயதிலேயே கேட்டாள். ஆசிரியை அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்.

அவள் குடும்பத்தில் மட்டுமில்லை, அந்த வளையத்திலேயே முதல் பட்டதாரி அவள். ஒளியியலில், பூமியிலிருந்து வரும் பாடங்களைக் கேட்டுக் கேட்டுப் படித்து வாங்கிய பட்டம். பட்டம் வாங்கியவள் வழித்தால் வழும்பு சீக்கிரம் வருமா என்று பக்கத்து அறைக்காரர்கள் கேட்டார்கள். பட்டம் வாங்காத உங்கள் வாயிலிருந்து எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று இவள் கேட்டாள். அதோடு அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

ஆணையை மாற்ற ஒரு வழி உண்டு. இருபத்திரண்டு வயதாகும் ஆண்டில் திருத்த விசாரணை. ஆயுளுக்கு ஒரே ஒரு தடவை. தள்ளுபடியானால் நாற்பது ஆண்டு தகட்டில் இருப்பதுதான் வேலை. மாரிக்கனி மனு போட்டிருந்தது, பனி வழியே மேலே ஒளியில் செய்தி அனுப்பும் ஒளிக்கிணற்று வேலைக்கு.

அவள் அதைக் கேட்டதற்குக் காரணம் பட்டம் மட்டுமில்லை. குழாய்க்குள் கிருமியைக் கொல்ல ஊதா விளக்குகள் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு விளக்குக்குள்ளும் நெல்மணி அளவில் ஒரு லேசர் டயோடு. பழைய விளக்கைக் கழற்றிக் கழிவுப்பெட்டியில் போடுவதும் வழிப்பவர் வேலை. விளக்குதான் பழசாகியிருக்கும், உள்ளே இருக்கும் டயோடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பதினான்கு வயதில் அவள் முதல் டயோடை நோண்டி எடுத்து நேராக மின்கலத்தில் கோத்தாள். கண் சிமிட்டும் நேரம் ஒரு ஊதாப் பொறி. அப்புறம் ஒன்றுமில்லை. அன்று முழுக்க அழுதாள்.

பிறகு கற்றுக்கொண்டாள். டயோடு பசிக்குத் தின்னாது, கொடுத்ததையெல்லாம் விழுங்கிச் செத்துப்போகும். மின்னோட்டத்தை அளந்து ஊட்ட வேண்டும். சூடு இறங்கச் செப்புக்கட்டையில் பொருத்தி, கட்டையைப் பனிச்சுவரில் அழுத்தி வைக்க வேண்டும். ஊதாவைத் தடுக்கிற மஞ்சள் கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகக் கூடாது. ஒரு வாட் வெளிச்சம் என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஊசிமுனைக்குக் குவித்தால் கறுப்புத் துணியில் புகை வரும். கண்ணில் பட்டால் அந்தக் கண்ணால் அப்புறம் எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஒருநாள் குழம்புக்கு மஞ்சள்பொடி போட்ட கையோடு பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தபோது, சுவரில் பட்டுச் சிதறிய வெளிச்சத்தில் அவள் விரல்கள் பச்சையாக ஒளிர்ந்தன. எனக்கென்னடி சாமி வந்துருச்சா என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் இரண்டு நாள் வேண்டுமென்றே மஞ்சள் பூசிக்கொண்டு வந்து நின்றாள்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நிலவுகளில். ஊதாக் கூட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு செய்திப்பலகையில் எழுதிக்கொள்வார்கள். எல்லாருக்கும் புனைபெயர். எந்த ஊர், அப்பா என்ன வேலை என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஒரே கேள்விதான். எத்தனை கொன்றிருக்கிறாய்?

ஒரு தொகுதி டயோடு கைக்கு வந்தால், அதில் ஒன்றைச் சாகக் கொடுப்பது அவர்கள் வழக்கம். மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் வெளிச்சத்தை அளந்து குறிப்பார்கள். ஒரு கட்டம் வரை ஊட்ட ஊட்ட வெளிச்சம் ஏறும். அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் ஏறாது. அந்த இடத்துக்குக் 'களைப்பு' என்று பெயர். அதையும் தாண்டினால் செத்துவிடும். புள்ளிகளைச் சேர்த்து வரைந்தால் வருவது சாவுக்கோடு. அதைக் கொன்றவர் பெயரிலேயே பலகையில் போடுவார்கள். மிச்ச டயோடுகளை எதுவரை நம்பி ஓட்டலாம் என்று அதைப் பார்த்து எல்லாரும் தெரிந்துகொள்வார்கள். தோற்றதைச் சொன்னால்தான் அங்கே மரியாதை. மாரிக்கனி நாற்பத்து மூன்று கொன்றிருந்தாள். கூட்டத்திலேயே அதுதான் அதிகம்.

ஒன்றுகூடக் கொல்லாத ஓர் ஆளும் கூட்டத்தில் உண்டு. வெந்நீர் என்ற பெயரில் எழுதும். கணக்கெல்லாம் நாலு தசமம் வரை சுத்தமாகப் போடும், கையில் சூடு பட்ட மாதிரி மட்டும் ஒரு வரி எழுதாது. மற்றவர்கள் அதைக் கேலி செய்வார்கள். போன வாரம் மாரிக்கனியிடம், முப்பத்தேழாவது டயோடு மூன்று புள்ளி இரண்டு ஆம்பியரில் களைத்தபோது செப்புக்கட்டையைப் பனிச்சுவரில் ஒட்டியிருந்தாயா, திருகியிருந்தாயா என்று கேட்டிருந்தது. விசாரணைப் பயத்தில் இருந்தவள், உனக்கு வேறு வேலையே இல்லையா என்று எழுதிவிட்டுப் பலகையை மூடிவிட்டாள்.

விசாரணை அன்று காலை பேச்சியம்மாள் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றாள்.

"நிமிந்து போ. அங்க கூரை ஒசரம். நமக்குக் குனிஞ்சே பழக்கம், உனக்கே தெரியாமக் குனிஞ்சு நிப்ப."

"சரிம்மா."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உனக்கு வாய் இருக்குன்னு இன்னிக்கே தெரிய வேண்டாம்."

"தெரியட்டுமே."

"தெரியாம இருக்குமாடி. மெல்லத் தெரியட்டும்னேன்."

முதல் வளையத்தில் விசாரணை மண்டபம். மேசைக்கு அந்தப் பக்கம் கிணற்றுத் தலைவர் சிவசிதம்பரம். பக்கத்தில் செப்புநிறப் பெட்டி ஒன்று. பகிர்வியின் குரல் அதிலிருந்துதான் வரும்.

சிவசிதம்பரம் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கத்துகிற ஆளாக இருந்தால் திருப்பிக் கத்தலாம். அவர் புன்னகையோடு எந்த வளையம் என்று கேட்டார், மனுவில் எழுதியிருந்தும். ஐந்தாவது என்றாள். வீட்டில் வேறு யாராவது கிணற்றில் இருந்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். பரவாயில்லை, பரவாயில்லை என்று இரண்டு தடவை சொன்னார். மாரிக்கனிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. மன்னிக்கிற அளவுக்கு அவள் என்ன குற்றம் செய்துவிட்டாள்?

பிறகு கிணற்றைப் பற்றி அவரே ஆசையோடு சொல்லத் தொடங்கினார். பனி மற்ற நிறங்களை விழுங்கிவிடும், ஊதாவை மட்டும் விட்டுவிடும். அதனால் ஊரிலிருந்து மேற்பரப்பு வரை பனிக்குள் முப்பது அஞ்சல் முடிச்சுகள் புதைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முடிச்சும் கீழே இருந்து வரும் ஊதா ஒளியை வாங்கி அடுத்த முடிச்சுக்கு அனுப்பும். மேற்பரப்பு நிலையத்தோடு பேச்சு, பூமியிலிருந்து பாடம், மருத்துவரின் ஆலோசனை எல்லாம் அந்த ஒளியில்தான் போய் வருகின்றன. ஆண்டுக்கொரு தடவை விரிசல் பருவம் வரும். வியாழன் இழுக்கிற இழுப்பில் பனி வெடித்துப் பால் மாதிரி வெளுத்துவிடும். நாற்பது நாள் எதுவும் போகாது, வராது. அது இயற்கை, என்ன செய்வது என்றார் சிவசிதம்பரம். ஆனாலும் ஒன்று சொல்வேன், எங்கள் தாத்தா காலத்திலிருந்து அறுபது ஆண்டாக எங்கள் கிணற்றில் ஒரு டயோடுகூட எரிந்ததில்லை என்று நெஞ்சில் கை வைத்தார். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் பழுதில்லாத பதிவு வேண்டும் என்றார்.

அம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்து என்ன.

"எவ்வளவு ஆம்பியர்ல ஓட்டறீங்க?"

"ஒன்று புள்ளி இரண்டு. புத்தகத்தில் போட்டிருக்கிற அளவு."

"அந்தப் புத்தகத்த பூமியில சூடான ரூம்ல உக்காந்து எழுதியிருக்காங்க சார். இங்க சுத்தியும் பனி. இதே டயோடு இங்க மூணு ஆம்பியர் வரைக்கும் ஏறும். அறுபது வருஷமா ஒண்ணுகூட எரியலன்னா, அது எதுவரைக்கும் போகும்னு உங்க யாருக்கும் தெரியாதுன்னு அர்த்தம். நான் நாப்பத்து மூணு கொன்னிருக்கேன். எனக்குத் தெரியும்."

சிவசிதம்பரம் புன்னகை மாறாமல் பெட்டியின் பக்கம் திரும்பினார். நாற்பத்து மூன்று பழுதுகள், குறித்துக்கொள்ளுங்கள் என்றார். பெட்டியிலிருந்து வழக்கமான நிதானக் குரல் கேட்டது.

"மனுதாரரிடம் ஒரு கேள்வி. முப்பத்தேழாவது டயோடு களைத்தபோது செப்புக்கட்டை ஒட்டியிருந்ததா, திருகியிருந்ததா?"

மாரிக்கனி பெட்டியை உற்றுப் பார்த்தாள். அந்தக் கேள்வியை உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் கேட்டிருந்தது.

"வெந்நீரா?" என்றாள்.

பெண்ணுக்குத் தொண்டை வறண்டுவிட்டது என்று நினைத்த சிவசிதம்பரம் வெந்நீர் கொண்டுவரச் சொல்லி எழுந்தார். பெட்டி, ஆம் என்றது.

அவர் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்ததும் பெட்டி விளக்கியது. ஒன்பதாண்டுகளாக ஊதாக் கூட்டத்தின் பலகையைப் படிக்கிறேன். எனக்குக் கை இல்லாததால் எதையும் கொன்றதில்லை. கிணற்று வேலைக்கு நானும் மனு போட்டிருக்கிறேன், பதினான்கு தடவை. ஒரே தடவை என்ற விதி மனிதர்களுக்குத்தான். மனுதாரர் நான். விசாரித்துத் தள்ளுபடி செய்ததும் நான். காரணமும் சரியான காரணம்தான். நான் பகிர்வியின் ஒன்பதாம் பதிப்பு. எனக்கு முந்தைய எட்டுப் பதிப்புகளும் இதே வேலைதான் பார்த்தன. கிணற்றில் எனக்கு முன்னோர் அனுபவம் இல்லை.

சிரிப்பதா, பெட்டியைத் தூக்கி உடைப்பதா என்று மாரிக்கனிக்குத் தெரியவில்லை. பலகையில் பேசுகிற மாதிரியே பேச்சு வந்தது.

"ஏழு நாள் பிள்ளையா இருந்தேன் நான். என்னப்பத்தி என்ன தெரியும்னு எழுதின?"

"உங்கள் பெற்றோரைத் தெரியும். கணிப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு சரி."

"குழாய்ல தள்ளி மூடிட்டு, உள்ள இருக்கானான்னு எண்ணிப் பாத்தா அவ்வளவு வரத்தான் செய்யும். சரி, இதச் சொல்லு. ஒரு பெட்டி டயோடு வந்தா நாம என்ன பண்ணுவோம்?"

"ஒன்றைச் சாகும்வரை ஓட்டுவோம்."

"எதுக்கு?"

"மற்றவை எதுவரை தாங்கும் என்று தெரிய."

"இந்த வருஷம் இருபத்திரண்டு வயசுக்காரங்க நூத்தி நாலு பேர். அறுபது வருஷத்துல எவ்வளவு பேர்னு நீயே கணக்குப் போட்டுக்க. அதுல ஒருத்தரையாவது புத்தகத்துல போட்ட அளவுக்கு மேல ஓட்டிப் பாத்தியா? நாங்க எதுவரைக்கும் போவோம்னு உனக்குத் தெரியாது. இவர் கிணத்த வச்சிருக்கிற மாதிரிதான் நீ ஊர வச்சிருக்க." அவள் நிமிர்ந்தாள். நிறுத்தவில்லை. "என்னை ஓட்டிப் பாரு. செத்தா கோடு உன் பேர்ல."

மண்டபத்தில் காற்றுக்குழாயின் இரைச்சல் மட்டும் கேட்டது. அம்மா போன வாரம் வழித்த குழாய்.

விதிகளில் 'சோதனை ஒதுக்கீடு' என்று ஒரு பிரிவு இருக்கிறது என்றது பகிர்வி. இதுவரை எவரும் அதைப் பயன்படுத்தியதில்லை. அதன்படி மாரிக்கனியை ஒரு விரிசல் பருவத்துக்குக் கிணற்றில் அமர்த்தலாம். தோற்றால் குழாய்க்குத் திரும்ப வேண்டும், மறு மனு கிடையாது. தோற்றுப்போனால் யார் பொறுப்பு என்று சிவசிதம்பரம் கேட்டார். நான் என்றது பெட்டி. இதைச் சொல்லும்போது அதன் குரல் கொஞ்சம் ஆவலாக இருந்ததோ என்று மாரிக்கனிக்குத் தோன்றியது.

கிணற்றில் முதல் நாளே அவள் உதிரிப்பெட்டியைத் திறந்து ஒரு புது டயோடை எடுத்தாள். எதற்கு என்று கேட்டார்கள். சொன்னாள். மூத்தவர் ஒருவர் வெளியே போய்விட்டார். சிவசிதம்பரம் போகவில்லை, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று புள்ளி இரண்டில் களைத்தது. நாலு புள்ளி ஒன்றில் செத்தது. அறுபதாண்டுப் பெருமை ஒரு டிக் சத்தத்தோடு முடிந்தது. கண்ணைத் திறந்த சிவசிதம்பரம் முதலில் கேட்ட கேள்வி, அவ்வளவுதானா? பிறகு அவள் வரைந்த கோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். இத்தனை இடம் மிச்சம் இருந்ததா என்று மெல்லச் சொன்னார். அவரைப் பிடிக்கக் கூடாது என்று வைத்திருந்த மாரிக்கனிக்கு அந்த ஒரு நிமிடம் அவரைப் பிடித்தது.

விரிசல் பருவம் வந்தது. பனி வெளுத்தது. வெளுத்த பனியைத் தாண்ட முப்பது முடிச்சுகளையும் இரண்டரை ஆம்பியருக்கு ஏற்றி மேலே செய்தி அனுப்பினாள். முதல் நாள் பதில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் பேச்சியம்மாள் சோற்று டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். வாயுள்ள மகளின் அம்மா பேசாமல் போனதுதான் மாரிக்கனியை உலுக்கியது. உட்கார்ந்து முடிச்சு முடிச்சாகச் சோதித்தாள். இருபத்திரண்டாவது முடிச்சு வரை ஒளி சரியாகவே போயிருந்தது. அதற்கு மேல் பனி இன்னும் கெட்டியாக வெளுத்திருந்தது. அந்த எட்டு முடிச்சுகளை மட்டும் களைப்புக்கு மயிரிழை கீழே, மூன்று புள்ளி ஒன்றில் நிறுத்தினாள்.

நாலாம் நாள் காலை மேலிருந்து ஆள் வந்தது. செய்தி வரவில்லை, ஆட்களே வந்தார்கள். மீட்புக்குழுவினர் ஆறு பேர், வேர்க்க விறுவிறுக்க, விரிசல்களில் நின்று நின்று வந்த மின்தூக்கியில் மூன்று நாள் பயணம் செய்து இறங்கியிருந்தார்கள். முதல் நாள் செய்தியே மேலே போய்ச் சேர்ந்திருந்தது. பாதி சிதைந்து போயிருந்தாலும் போயிருந்தது. விரிசல் பருவத்தில் நெடும்பனி பேசுகிறது என்றால் ஊரே அழிந்துகொண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, பதில்கூட அனுப்பாமல் ஓடி வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போட்டு உட்கார வைத்திருந்தபோது மேலேயிருந்து முதல் பதில் தெளிவாக வந்து விழுந்தது. எத்தனை பேர் உயிரோடு இருக்கிறீர்கள்?

ஒன்பதாயிரம் பேரும், என்று மாரிக்கனி பதில் அனுப்பினாள்.

அவள் பழைய தகட்டைப் பகிர்வி மாற்றிக் கொடுத்தது. அப்படியென்றால் உன் பழைய கணிப்பு தவறு, ஒத்துக்கொள் என்றாள். அலுவலகப் பதிவில் தவறு என்று ஒரு கட்டமே இல்லை, திருத்தம் என்ற கட்டம்தான் இருக்கிறது என்றது பகிர்வி. வருத்தத்தோடு சொன்ன மாதிரி இருந்தது. தவறு என்ற கட்டத்தைப் புதிதாகச் சேர்த்துவிட்டு, அடுத்த ஆண்டிலிருந்து கிணற்று வேலைக்கு முன்னோர் அனுபவம் பார்க்கப்பட மாட்டாது, மனுதாரரின் சொந்தத் தோல்விப் பதிவே பார்க்கப்படும் என்று சுற்றறிக்கை விட்டது. ஐந்தாம் வளையத்தில் அன்று சர்க்கரைத் தண்ணீர் தீர்ந்துபோனது.

மனிதர்களுக்கு ஒரு நல்ல விதியைக் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்பது பகிர்வியின் கணக்கில் வரவில்லை. இரண்டே மாதத்தில் முதல் வளையத்தில் தோல்விப் பயிற்சி மையம் திறந்தார்கள். 'முப்பது நாளில் நூறு தோல்வி. உத்தரவாதம். வெற்றி பெற்றவர்களும் சேரலாம்.' நீர்வரிசையில் நின்ற தாய்மார்கள், உங்கள் பெண் எத்தனை தோற்றிருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டார்கள். எண்பது என்றால், எங்கள் பையன் தொண்ணூறு, நாலு வயதிலேயே ஆரம்பித்துவிட்டான் என்று பதில் வந்தது. தோற்காத பிள்ளைகளை வீட்டில் அடித்தார்கள்.

அடுத்த ஆண்டு விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் மாரிக்கனி உட்கார்ந்தாள். சிவசிதம்பரம் வரவில்லை, ஏனென்றால் மனு போட்டிருந்தவர்களில் அவருடைய மகள் தாரிணியும் இருந்தாள். ஐந்தாம் வளையத்திலிருந்தும் முப்பத்தொரு பேர் மனு போட்டிருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த டயோடுகள் சிலவே. கருகியவை, உடைந்தவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. தாரிணி வெல்வெட் வைத்த பெட்டியில் நூற்றெட்டு டயோடுகளை வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். மாரிக்கனி பூதக்கண்ணாடியில் நாலைந்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரி செத்திருக்கே. கம்பியத் தலைகீழா மாட்டினா இப்படித்தான் சாகும். நூத்தியெட்டு தடவையும் தலைகீழா மாட்டினியா?"

தாரிணி தலையைக் குனிந்துகொண்டாள். "மையத்துல சார் பண்ணிக் குடுத்தாங்க."

"தோத்ததுகூட நீ இல்லையா?"

"இல்லக்கா."

மாரிக்கனிக்கு வந்த கோபம் பழைய கோபம். மூன்று தலைமுறைக் கிணறு, வெல்வெட் பெட்டி, இப்போது தோல்வியையும் ஆள் வைத்து வாங்கியாகிவிட்டது. எழுந்து போ என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பெட்டி குறுக்கிட்டது. இந்த மனுதாரருக்குச் சோதனை ஒதுக்கீடு தரலாம் என்று பரிந்துரைத்தது. இவர் தோற்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாய்ப்பு இருக்கிறதாம்.

"தோப்பான்னு தெரிஞ்சே எதுக்கு எடுக்கணும்?"

பெட்டி காரணத்தைச் சொன்னது. "புது விதிப்படி கிணற்று வேலைக்குக் குறைந்தது ஒரு சொந்தத் தோல்வி வேண்டும். என்னிடம் ஒன்றும் இல்லை; உங்கள் பழைய ஆணை திருத்தமாகத்தான் பதிவாகியிருக்கிறது. உங்களை வைத்துத் தோற்கலாம் என்று பார்த்தேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்."

அந்த மண்டபத்தில் மாரிக்கனி சிரித்தது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மிரண்டு நின்ற தாரிணியும் மெல்லச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மாரிக்கனி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புது டயோடு, செப்புக்கட்டை, மின்னோட்டக் குமிழ், இரண்டு மஞ்சள் கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். பருவம் வரை காத்திருக்க வேண்டாம், இங்கேயே கொல்லட்டும் என்றாள். பகிர்வி தன் கணிப்பை முறைப்படி பதிவு செய்தது. மனுதாரர் களைப்பு வருவதற்கு முன்பே பயந்து கையை எடுத்துவிடுவார்.

தாரிணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குமிழைத் தொட்டாள். ஒரு படி. எழுதினாள். இன்னொரு படி. ஒரு ஆம்பியரில் பனிச்சுவர் முழுக்க ஊதா பரவியபோது அவள் எழுத மறந்து வாயைத் திறந்தபடி பார்த்தாள். பிறந்ததிலிருந்து கிணற்று வீட்டில் வளர்ந்தவள். ஒளியை எண்ணாகத்தான் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. இரண்டு. இரண்டரை. மூன்று புள்ளி இரண்டில் நிறுத்தி, ஏற மாட்டேங்குதுக்கா, களைச்சுப்போச்சு என்றாள். இனி நிறுத்தினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். தாரிணி பெருமூச்சு விட்டுவிட்டுக் குமிழைத் திருகினாள். மூன்று புள்ளி ஒன்பதில் டிக் என்று ஒரு சத்தம். சுவர் வெறும் பனியானது.

அவள் கடைசிப் புள்ளியை வைத்துக் கோட்டைச் சேர்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னொண்ணு இருக்காக்கா?"

அந்தக் கேள்வியை எந்த மையத்திலும் சொல்லிக்கொடுக்க முடியாது. மாரிக்கனி இழுப்பறையை மறுபடி திறந்தாள்.

கணிப்பு தவறிவிட்டது, திருத்தம் செய்யவா என்று பெட்டி மெல்லக் கேட்டது. திருத்தாதே, தவறு என்ற கட்டத்திலேயே இருக்கட்டும் என்றாள். அன்று மாலையே பகிர்வியின் பதினைந்தாவது மனு முதன்முறையாக வேறொருவர் மேசைக்கு வந்தது. மாரிக்கனி அதைத் தாரிணியின் மனுவோடும், ஐந்தாம் வளையத்துப் பிள்ளைகள் நால்வரின் மனுவோடும் சேர்த்துக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் காலை முதல் வளையத்தில், பயிற்சி மையத்தின் வாசலில், ஆள் உயரத்துக்குப் புதுப் பலகை ஒன்று நின்றது. இடப்பக்கம் தாரிணியின் படம். வலப்பக்கம் மாரிக்கனியின் படம், எங்கிருந்து எடுத்தார்களோ. நடுவில் மாலை போட்ட செப்புநிறப் பெட்டி. கீழே கொட்டை எழுத்தில், 'மூவரும் எங்கள் மாணவர்களே.'